கடைசிக்கு முந்தின படி

ஆங்கிலம் தெரியும் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. தெரியும் என்று பிறர் சொன்னபோது மறுத்ததும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் என் பிழைப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் ஆங்கிலச் சொற்றொடர்களின் பூர்வோத்தரம் பற்றிப் பத்தி எழுதிவந்தேன். அகராதியைப் பார்த்துத்தான் எழுதுவது. ஆனால் அகராதி என்னைப் பார்த்து எழுதப்பட்டது என்ற தோரணையில் எழுதுவது.

அந்தப் பத்தியை முழுவதும் படிக்கிற ஒரே மனிதர் என் மாம்பலத்து அண்டைவீட்டுக்காரர் சேவியர். சின்ன வயதில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர். யாங்கோனில் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குக் கல்யாணம். அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. "எனக்குப் பதிலா நீங்க போய்ட்டு வாங்க சார். அங்க உங்களுக்கு ஒரு சின்ன வேலையும் இருக்கு. உங்களால மட்டும்தான் முடியும்" என்றார். கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். வேலை என்ன என்று கேட்கவில்லை. இது தொண்ணூறுகளின் பிற்பகுதி. நானும் நாற்பதுகளின் பிற்பகுதி.

விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த டாக்ஸியில் கால் வைக்க இடம் இருந்தது, தரை இல்லை. ஓட்டைமேல் ஒரு பலகை, பலகைமேல் என் கால், பலகைக்குக் கீழே யாங்கோன் வேகமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஆகவே முன்னே போகிற லாரியைத் தாண்டும்போது எதிரே என்ன வருகிறது என்பது டிரைவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தவன் நான். 'வேண்டாம்' என்பதற்குப் பர்மியச் சொல் தெரியாததால் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

கல்யாண வீடு பசுண்டவுங் கால்வாயைத் தாண்டி, தாகேதாவில். மரத்தாலான மாடிவீடு, வெளிப்புறமாக ஏறும் மரப்படிக்கட்டு. வாசலில் மணப்பெண் ஸ்டெல்லாவே நின்றாள். கன்னங்களில் சந்தனம்போல் தனக்கா பூச்சு. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். தமிழ் முழுக்கப் புரியும். பேசும்போது பாதி வழியில் பர்மியத்துக்கு மாறிக்கொள்வாள்.

"வாங்க ஊலே. சோறு தின்னாச்சா?"

ஊலே என்றால் சித்தப்பா, மாமா எல்லாம். தின்னாச்சு என்று நாகரிகமாகப் பொய் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்காமல் மொஹிங்காவைக் கொண்டுவந்து வைத்தாள். மீன் குழம்பில் மிதக்கிற சேமியா; மேலே வாழைத்தண்டு, மொறுமொறு பருப்பு வடை. முதல் கவளத்தில் சந்தேகப்பட்டேன். மூன்றாவது கிண்ணத்தில் வெட்கப்பட்டேன்.

என் வேலை என்ன என்பதை விளக்கியவர் ஸ்டெல்லாவின் தாய்மாமன் ஆரோக்கியம். எழுபதைத் தொட்டவர், பிரம்மச்சாரி. ஆற்றுப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை 'ஊ ஆரோக்கியம்' என்கிறார்கள். 'ஊ' அங்கே மரியாதைக்கான முன்னெழுத்து. அதைத் தம் இனிஷியல் போல அவர் பெருமையாகச் சுமந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக் கலியாணத்துல ஒரு வழக்கம். கோயில்லேர்ந்து வந்ததும் பொண்ணு இந்தப் படிக்கட்டு உச்சியில நிக்கும். மாப்பிள்ளை காலுல போட்ட சப்பாத்தைக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு, கீழேர்ந்து ஒவ்வொரு படியா ஏறுவாரு. எல்லாரும் கைகூப்பி நிப்பாங்க. நான் இங்கிலீசு ஆசீர்வாதப் பாட்டு பாடுவேன். ஒவ்வொரு சரணத்துக்கும் எல்லாரும் ஆமென் சொல்லணும்."

"பாட்டு முடியும்போது மாப்பிள்ளை மேலே போய்ச் சேர்ந்துவிடுவாரா?"

"இல்லை. கடைசிக்கு முந்தின படி வரைக்கும்தான். அப்புறம் எறங்கி வந்துடுவாரு. பொண்ணும் எறங்கி வரும். சாப்பாடு."

"மிச்சம் ஒரு படிதானே?"

"பாட்டு அவ்வளவுதான் தம்பி. ஏறுறதுக்குப் பாட்டு இல்லை."

பாட்டை அவருடைய தகப்பனாருக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஆற்றுக்கப்பல் கம்பெனியில் இஞ்சின் பார்த்த ஒரு லண்டன்காரன். கடைசிச் சரணத்தைச் சொல்லிக்கொடுப்பதற்குள் ஜப்பான் சண்டை வந்து, துரை ஊரைவிட்டுப் போய்விட்டான். தகப்பனார் அதைத் தம் மூத்த மகள் கல்யாணத்தில் பாடி வழக்கமாக்கினார். அவருக்குப் பின் ஆரோக்கியம்.

இப்போது என்ன சிக்கல் என்றால், மாப்பிள்ளையின் தகப்பனார் சாமுவேல் சபையில் டீக்கன். கறாரானவர். வாழ்க்கையில் மதுவை மோந்துகூடப் பார்த்திராதவர். பாட்டுக்கு அர்த்தம் தெரியாமல் தம் மகன் படியேற மாட்டான் என்று சொல்லிவிட்டார். அர்த்தம் ஆரோக்கியத்துக்கே தெரியாது.

"நகை போட எனக்கு வக்கு இல்லை. தாய்மாமன் சீருன்னு நான் செய்யிறது இந்தப் பாட்டு ஒண்ணுதான். சேவியரு சொன்னான், உங்களுக்கு இங்கிலீசுல தெரியாதது இல்லைன்னு."

சொல்லிவிட்டு, எழுந்து நின்று, கண்ணை மூடிப் பாடினார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். சேர்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வரிக்கு வரி பெயர்த்தால் இப்படி வரும்: பன்றிக் காது நிறைய உள்ளே போயிற்று, டெய்சிச் செடி வேர்களைக் கையில் பிடித்தேன், ஆப்பிளும் பேரிக்காயும் மீது ஏறுகிறேன், மேலே நிற்கிறது என் தொல்லையும் சண்டையும்.

எம்.ஏ. வகுப்பில் இப்படி ஒன்றும் நடத்தவில்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் டீக்கன் சாமுவேலே குடையும் மனைவியுமாக வந்துவிட்டார்.

"சார், கலியாணத்துல என்னத்துக்குப் பன்னியைப் பத்திப் பாடணும்? அந்த ஒரு வார்த்தை எனக்கே தெரியுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிணற்றில் விழுந்தவன் கையை ஆட்டுவதுபோல் வாய் தானாக ஆடத் தொடங்கியது. பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்த சுவிசேஷக் கதையைத்தான் முதல் வரி சுட்டுகிறது என்றேன். டெய்சி வேர் தாழ்மை. ஆப்பிள் ஏதேன் தோட்டம். தொல்லையும் சண்டையும் இவ்வுலகச் சோதனை. "பேரிக்காய்?" என்றார் டீக்கன். பேரிக்காய் ஆவியின் கனி என்றேன். எனக்கே கண் கலங்கியது.

டீக்கன் தலையசைத்தார். "யாதே, யாதே" என்றார். சரி, நல்லது என்று அர்த்தம். டீக்கனின் மனைவி மரியம்மா, சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர், தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று மிக நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெற்றிக் களிப்பில் ஸ்டெல்லாவோடு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். சென்னை பர்மா பஜாரில் அத்தோ தின்று வளர்ந்த உரிமையில் "அத்தோ" என்று அதிகாரமாகக் கேட்டேன். கடைக்காரம்மாள் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அங்கே அத்தோ என்றால் பிசைந்தது என்றுதான் அர்த்தமாம். எதைப் பிசைவது என்று சொல்ல வேண்டும். இஞ்சியா, தேயிலையா, தக்காளியா? முப்பது ஆண்டுகளாகச் சென்னையில் நாங்கள் 'பிசைந்தது ஒரு பிளேட்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தேயிலைப் பிசைவைத் தின்றபடி ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள்: "ஊலே, வருத்தப்படாதீங்க. நேத்து நீங்க சொன்னதை அவரு நம்பலை."

"யாதே என்றாரே?"

"அது ஆனாதெ."

ஆனாதெ அந்த ஊரின் அடிப்படை அறம். எதிராளி சங்கடப்படுவாரே என்று நாம் சங்கடப்படுவது. விருந்தாளி முகத்துக்கு நேரே யாரும் 'நீ புளுகுகிறாய்' என்று சொல்ல மாட்டார்கள். தலையசைப்பார்கள். பிறகு தாங்கள் நினைத்ததைச் சத்தமில்லாமல் செய்வார்கள். நம் ஊரில் முதலில் திட்டிவிட்டுப் பிறகு நாம் சொன்னபடியே செய்வார்கள். எது மேல் என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

"ஜெபம் முடிஞ்ச உடனே பாடகர் குழு பெரிசா ஒரு கீர்த்தனை ஆரம்பிச்சிடும். மாமா வாயைத் தொறக்க எடம் இருக்காது. அப்படியே சோறு. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லலை." சிறிது நேரம் தட்டைக் கிளறினாள். "மாமாவுக்கு இன்னும் தெரியாது. நேத்திலேர்ந்து தொண்டைக்கு இஞ்சி மென்னுக்கிட்டிருக்காரு."

பேரிக்காய் நெஞ்சை அடைத்தது. உண்மையான அர்த்தம் கிடைத்தால் ஒருவேளை டீக்கன் மனம் மாறலாம் என்றேன். அவளுடைய மருந்துக்கடைக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் மிஸ் நெல்லி என்ற ஆங்கிலோ-பர்மிய அம்மாள் க்யிம்யிண்டைங்கில் இருக்கிறாராம். அவருடைய அப்பா லண்டன்காரர்.

பஸ்ஸில் போனோம். பஸ்ஸும் பழைய ஜப்பான் சரக்கு, கதவு இடப்பக்கம். அதாவது நடைபாதைப் பக்கம் அல்ல, நடுச்சாலைப் பக்கம். சென்னை வழக்கப்படி நிற்பதற்கு முன்பே ஸ்டைலாக இறங்கினேன். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவின் மடியில் போய் விழுந்தேன். கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் ஏதோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லா பெயர்த்தாள்: "பாவம், பிறந்ததிலிருந்து படகில்தான் போயிருப்பார் போல."

விழுந்த ரிக்‌ஷாவிலேயே மிச்ச தூரம் போனோம். அதில் இரண்டு இருக்கைகள், முதுகோடு முதுகாக. ஒருவர் போகும் இடத்தைப் பார்க்கலாம். மற்றவர் வந்த இடத்தை. எனக்கு எந்த இருக்கை கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மிஸ் நெல்லி படகுத்துறைக்குப் பின்னால், பியானோவுக்குப் பெரிய அறையும் தமக்குச் சின்ன அறையுமாக வசித்தார். முதல் வரியைச் சொன்னேன். கையால் என்னை நிறுத்தினார். பல்செட்டைக் கழற்றிச் சாஸரில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எங்க அப்பா குளிக்கும்போது பாடுவார், மேன்! இதைக் கைகூப்பியா பாடுறீங்க?"

பற்களை மறுபடி மாட்டிக்கொண்டு விளக்கினார். லண்டனின் கிழக்குப் பக்கத்துக் காக்னி ஜனங்களுக்கு ஒரு பழக்கம். ஒரு சொல்லைச் சொல்லாமல், அதனோடு ஓசை ஒத்துப்போகும் ஒரு ஜோடியைச் சொல்வார்கள். படிக்கட்டு ஸ்டேர்ஸ், பேர்ஸ் அதோடு ஒத்துப்போகும், ஆகவே ஆப்பிளும் பேரிக்காயும் படிக்கட்டு. தமிழ் யாப்பில் இதற்கு இயைபு என்று பெயர். பரீட்சையில் அதை நான் விட்டுவிட்டேன். டெய்சி வேர் என்றால் பூட்ஸ். தொல்லையும் சண்டையும் என்றால் மனைவி.

"பன்றிக் காது?"

"பியர், மேன். வேறென்ன?"

ஆக, ஒருவன் வயிறுமுட்டக் குடித்துவிட்டு, பூட்ஸைக் கையில் பிடித்தபடி சத்தமில்லாமல் படியேறுகிறான். உச்சியில் பெண்டாட்டி நிற்கிறாள். இதுதான் அரை நூற்றாண்டாக ஆமென் சொல்லப்பட்ட ஆசீர்வாதம்.

வடசென்னையில் ஒரு கானாப் பாட்டைக் கேட்டுவிட்டு 'என்ன பாஷை இது' என்று மூக்கைச் சுளித்தவன் நான். லண்டனுக்கும் ஒரு காசிமேடு உண்டு. அங்கேயும் அர்த்தம் தெரியாமல் நிற்க வேண்டியவன் நான்தான்.

உங்கள் அப்பாதான் அந்த இஞ்சின்காரத் துரையோ என்று ஆவலாகக் கேட்டேன். கட்டுரைக்கு அழகாக இருக்கும். "இல்லை மேன். அவர் தையல் மிஷின் விற்றார். கப்பலில் வந்த பாதிப் பேர் இதைப் பாடினார்கள்" என்று அந்த அழகை அங்கேயே முடித்துவிட்டார். "கடைசிச் சரணம் தெரியாதா உங்களுக்கு?" என்று பியானோவில் ஒரு விரலை வைத்துப் பாடியும் காட்டினார். ஸ்டெல்லா அவரைக் கல்யாணத்துக்கு அழைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியத்திடம் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பாடகர் குழு ஏற்பாடு உட்பட. சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் ஆனாதெ ஆகியிருக்கும். ஆனால் இஞ்சி மெல்லும் மனிதனை மேடையில் நிற்கவைத்து வாயடைப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவர் கையில் இல்லாத ஒரு ஜோடிச் சப்பாத்தைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிப் பார்த்தார். படிக்கட்டின் உச்சியைப் பார்த்தார்.

"அப்போ எங்க அப்பாருக்கு அர்த்தம் தெரியும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சப்பாத்தைக் கையில் பிடி, படியேறு, உச்சியில் பெண்ணை நிறுத்து. பாட்டில் உள்ளதை அப்படியே நடிக்கவைத்திருக்கிறார் அந்த மனிதர்.

"பாடுறப்போ அவரு ஒதடு துடிக்கும் தம்பி. பக்தின்னு நெனைச்சோம்." ஆரோக்கியத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அழவில்லை. "நானும் இத்தனை வருசமா ஒதட்டைத் துடிக்க வெச்சில்ல பாடுறேன்!"

சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "அந்தக் கடைசிச் சரணத்துல என்ன ஆவுது? அவனை மேலே விட்டாளா?"

சொன்னேன்.

"கெட்டிக்காரி. இவ்வளவு வருசமா அவனைப் படிக்கட்டுலயே நிக்கவெச்சிட்டோமே" என்றவர், மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு டீக்கன் வீட்டுக்குக் கிளம்பினார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

டீக்கனிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. "ஐயா, இது ஆசீர்வாதம் இல்லை, குடிகாரன் பாட்டு. இருந்தாலும் பாட விடுங்க. எங்க அக்கா தங்கச்சியெல்லாம் இதுலதான் வாழப் போனாங்க. நல்லாத்தான் வாழ்ந்தாங்க." உள்ளே சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. தொடர்ந்து ஒரு அடக்கிய இருமல். டீக்கன் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "யாதே" என்றார்.

இப்போது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதுவாகவும் இருக்கலாம்.

கல்யாணத்தன்று எனக்குக் கட்டிக்கொள்ளப் பட்டு லொஞ்சி கொடுத்தார்கள். நம் ஊரில் கைலி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் வாசலிலேயே திருப்பியனுப்புவார்கள். இங்கே அதுதான் ராஜ உடை. வேட்டி கட்டிப் பழகியவன் என்ற கர்வத்தில் முடிச்சை நானே போட்டேன். அந்த ஊர் ஆண்கள் முன்னால் துணியை இரு கையாலும் முறுக்கிச் செருகுகிற விதத்துக்கு ஒரு பிறவி வேண்டும். என்னுடையது ஆராதனை முடிவதற்குள் தளர்ந்துவிட்டது.

வீட்டு முற்றத்தில் பந்தல். உச்சிப்படியில் ஸ்டெல்லா, வெள்ளை உடையில். அடிப்படியில் மாப்பிள்ளை பீட்டர் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தகப்பனாரைப் பார்த்தபடி. ஓரத்தில் பாடகர் குழு. ஆர்மோனியத்தின் முன் மரியம்மா. ஆரோக்கியம் கசங்காத கோட்டு போட்டுப் படிக்கட்டருகே நின்றார். டீக்கன் ஜெபத்தை முடித்தார். முடித்த கையோடு மனைவி பக்கம் திரும்பித் தலையை மெல்ல அசைத்தார். அந்த அசைவு எனக்குப் புரிந்தது. ஆரோக்கியத்துக்கும் புரிந்தது, திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஆர்மோனியம் ஒலிக்கவில்லை. மரியம்மாவின் இரண்டு கைகளிலும் ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. டீக்கன் மறுபடி தலையசைத்தார். அவர் கோப்பையை ஊதினார். "கை காலியா இல்லையே" என்றார், யாரையும் பார்க்காமல். பாடகர் குழு வாத்தியத்துக்குக் காத்திருந்தது. அந்த அமைதியில் பீட்டர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.

ஆரோக்கியம் பாடினார். எல்லோரும் எழுந்து கைகூப்பித் தலைகுனிந்தார்கள். நான் கூப்பவில்லை, இரண்டு கையாலும் லொஞ்சி முடிச்சை இறுகப் பிடித்துக் கண்ணை மூடி நின்றேன். இவ்வளவு பக்தியை அங்கே யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். பன்றிக் காதுக்கு ஆமென். டெய்சி வேருக்கு ஆமென். பாடுகிறவரின் உதடு துடித்தது. இந்த முறை அது தானாகத் துடித்தது.

பீட்டர் கடைசிக்கு முந்தின படியில் நின்றான். பாட்டு தீர்ந்தது. வழக்கப்படி அவன் இறங்கத் திரும்பினான்.

அப்போது பந்தலின் பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. மிஸ் நெல்லி அதைத் தள்ளிவிட்டு, கிழிந்த குரலில், கடைசிச் சரணத்தைத் தொடங்கினார். தங்கள் வீட்டுக்கு மட்டுமே சொந்தமான பாட்டு வேறொருத்தி வாயில் இருப்பதைக் கண்டு எல்லோரும் திரும்பினார்கள். ஆரோக்கியம் மட்டும் அசையாமல் கேட்டார். பெண்டாட்டி நாலு வசவு வைகிறாள். பிறகு கடைசி வரி: ரோசி லீ ஆறிப்போகிறது, மேலே வா.

ரோசி லீ என்றால் டீ.

ஸ்டெல்லாவுக்கு அது தெரியும். ஆனால் கையில் பூங்கொத்துத்தான் இருந்தது. கீழே மரியம்மாவின் கோப்பையைப் பார்த்தாள். மரியம்மா ஒரு அடி முன்னே வந்தார். கையிலிருந்த கோப்பையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுக்க, அது கை மாறி, படி ஏறி, பீட்டரின் தோளைத் தாண்டி ஸ்டெல்லாவிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அதை அவனிடம் நீட்டினாள். அவன் சப்பாத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் திண்டாடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோப்பையை வாங்கி, அந்தக் கடைசிப் படியை ஏறினான். அந்த வீட்டுப் படிக்கட்டில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த முதல் மாப்பிள்ளை அவன்தான்.

"ஆமென்" என்றார் ஆரோக்கியம், தனியாக. பிறகு எல்லோரும்.

சாப்பாட்டுச் சத்தம் தொடங்கியதும் டீக்கன் என் பக்கம் வந்து நின்றார்.

"சார், அந்தப் பன்னிக் காது எந்த வரியில வருது?"

"முதல் வரியில்."

"டீ?"

"கடைசி வரியில்."

யோசித்தார். "கலியாணத்துக்கு அந்த வரிசை சரிதான்" என்றார். இது ஆனாதெயா, நிஜமா என்று அவர் முகத்தைத் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாடியிலிருந்து மரியம்மாவின் குரல் வந்தது.

"அங்க என்ன பேச்சு? உங்க டீ ஆறுது. மேலே வாங்க."

டீக்கன் சாமுவேல் படிக்கட்டருகே போனார். சப்பாத்தைக் கழற்றினார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஏறினார்.